ஊர்க் குழுவும் கசகசாவும்

கீழக்கரைக்காரன் எவனைப் பிடித்துக் கேட்டாலும் குறைந்தது நாலு வாட்ஸ்அப் குழுவில் இருப்பான். தெருக் குழு, ஜமாஅத் குழு, கூடப் படித்தவர்கள் குழு, சொந்தக்காரர்கள் குழு. நான் சொல்லப்போவது இதில் எதுவும் இல்லை. ஆர்குட் என்ற பழைய சமூக வலைத்தளத்தின் காலத்திலிருந்து இழுத்துக்கொண்டு வருகிற, துபாய், சவூதி, மலேசியா, சென்னை மண்ணடி, அப்புறம் ஊர் என்று எல்லா இடத்திலும் சிதறிக் கிடக்கும் எங்க ஊர்க்காரர்களின் பழைய குழு ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அவசியமில்லை. கொஞ்ச வருடத்துக்கு முன்னால் அது கிட்டத்தட்ட செத்துப்போயிருந்தது, இப்போது நன்றாக இருக்கிறது. நடுவில் "புதுப்பிக்கிறோம்" என்று ஒரு கூத்தும் நடந்தது. ஏர்வாடிப் பக்கம் ஒரு நண்பர் அவங்க குழுவுக்கும் இதே வியாதி என்று புலம்பினார், அவருக்கு போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

குழு ஆரம்பித்தது 2006 வாக்கில். துபாய் தேராவில் ஒரே அறையில் தங்கியிருந்த பையன்கள் சிலர் ஆர்குட்டில் தொடங்கினார்கள். ஊர்ப் பெருமை பேசவோ கவிதை எழுதவோ தொடங்கியதில்லை. "இந்த வாரம் யாரு ஊருக்குப் போறீங்க?" இதுதான் முதல் தலைப்பு, ரொம்ப நாளைக்கு அதுதான் முக்கியமான தலைப்பு. ஊருக்குப் போகிறவர் பெட்டியில் எத்தனை கிலோ மிச்சம் இருக்கிறது என்று எழுதுவார். உடனே ஒருவர் வாப்பாவுக்குக் கண்ணாடி, ஒருவர் தங்கச்சிக்கு போன், இன்னொருவர் வீட்டுப் பத்திரத்துக்கு அத்தாட்சி போட்ட காகிதம் என்று வந்து நிற்பார்கள். திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம் ஓடும்: தொதல், ஓட்டுமா, மாசி, உம்மா அரைத்துக் கொடுத்த மசாலா. முப்பது கிலோவுக்குள் ஒரு தெருவின் பாசத்தையே அடைத்துக்கொண்டு வந்த ஆட்களை எனக்குத் தெரியும், கவுன்டரில் நின்று தொதலைப் பிரித்துப் பக்கத்து வரிசைக்காரனுக்கெல்லாம் கொடுத்தவர்களையும் தெரியும்.

இதில் ஒரு சட்டம் இருந்தது, யாரும் எழுதி வைக்கவில்லை. கட்டி ஒட்டிய பார்சலை எடுக்கக் கூடாது. கொடுக்கிறவர் உங்கள் கண் முன்னால் பிரித்துக் காட்ட வேண்டும், அதற்கு அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். இன்னொன்று, கசகசா. நம்ம வீட்டில் குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் போதைப்பொருள் கணக்கில் வரும், கொண்டுபோய் மாட்டினால் ஜெயில்தான். முதல் தடவை விமானம் ஏறுகிற பையனுக்கு இது எப்படித் தெரியும்? அவன் உம்மா மசாலாப் பொட்டலத்தோடு பொட்டலமாக வைத்து விடுவாள். அதனால் புதிதாக விசா வந்திருக்கிறது என்று எவன் குழுவில் சொன்னாலும், வாழ்த்துச் சொல்வதற்கு முன்னாலேயே யாராவது ஒரு காக்கா (எங்க ஊரில் அண்ணனை அப்படித்தான் சொல்வோம்) "மசாலாவைப் பிரிச்சுப் பாரு தம்பி, கசகசா இருக்கான்னு பாரு, இருமல் மருந்தை டாக்டர் சீட்டு இல்லாம எடுக்காதே" என்று எழுதிவிடுவார். வருடக்கணக்காக ஒரே வரி. கேலியாகக்கூட ஆகிவிட்டது, யாருக்காவது கல்யாணம் என்றாலும் கீழே ஒருத்தன் "கசகசா இருக்கான்னு பாரு" என்று போடுவான்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் குழுவை எழுப்ப முயன்றபோது ஆளாளுக்கு "நம்ம குழுவோட ஆன்மா" என்று பேசினார்கள். ஒருவருக்கு அது ஊர் நினைவு, ஒருவருக்கு மார்க்கம், ஒருவருக்கு அந்தக் காலத்து நகைச்சுவை. என்னைக் கேட்டால் கசகசா வரிதான். முகம் தெரியாத ஒரு பையன் ஜெயிலுக்குப் போய்விடக் கூடாது என்று, சம்பளம் இல்லாத ஒரு வேலையை யாரோ ஒருவர் சலிக்காமல் செய்துகொண்டிருந்தார். அரட்டை, பழங்கதை, சண்டை எல்லாம் அதைச் சுற்றி வந்து சேர்ந்தவை.

பழங்கதைகளும் லேசுப்பட்டவை இல்லை. "அப்பா தீவுக்குப் போனவங்க யாரு?" என்று எங்கள் கரைக்கு எதிரே இருக்கும் தீவைப் பற்றி ஒருத்தர் போட்ட தலைப்பு மாதக்கணக்கில் ஓடியது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆனதற்கு முன்னால் சோறு கட்டிக்கொண்டு வல்லத்தில் போய் வந்தவர்கள், எந்தத் தீவில் எந்தப் பக்கம் இறங்கினால் கால் அறுபடாது, கச்சான் காற்று அடிக்கும்போது திரும்பி வருவது எவ்வளவு பாடு என்று எழுத, இப்போது அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாத இடத்தைப் பற்றி எங்களைப் போன்றவர்கள் வாயைப் பிளந்து படித்தோம். எங்கள் கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவு கடலுக்குள் முழுகிப் போனது எனக்குத் தெரிய வந்ததே அந்தத் தலைப்பில்தான், ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு!

2014 செப்டம்பர் 30ஆம் தேதி ஆர்குட்டை மூடினார்கள். அதற்கு முன்பே பாதிப் பேர் ஃபேஸ்புக் போய்விட்டார்கள், கொஞ்ச நாள் அங்கே ஓடியது, அப்புறம் எல்லோரும் போல வாட்ஸ்அப். வசதி கூடியது உண்மை. ஆனால் ஆர்குட்டில் பழைய தலைப்பில் ஒருவர் பதில் போட்டால் அது மேலே வந்து நிற்கும், நேற்றுச் சேர்ந்தவனும் ஐந்து வருடத்துப் பேச்சை உட்கார்ந்து படிக்கலாம். அப்போது வாட்ஸ்அப்பில் சேர்ந்தவனுக்கு அவன் சேர்ந்த நிமிடத்திலிருந்துதான் உலகம். கசகசா வரி ஏன் சிரிப்பு என்று அவனுக்குப் புரியவில்லை. இது சின்ன விஷயமாகத் தெரியும், இல்லை. பழசு தெரியாதவன் விருந்தாளியாகவே இருந்துவிடுவான், வீட்டு ஆளாக மாற மாட்டான்.

2020இல் கொரோனா வந்தபோது குழு அதன் உச்சத்தில் இருந்தது. அப்போது ஒரு குழுவுக்கு 256 பேர் என்பதுதான் வரம்பு, நிரம்பி வழிந்து இரண்டாவது குழு திறந்தார்கள். மே மாதம் வெளிநாட்டில் மாட்டியவர்களை அழைத்து வரும் வந்தே பாரத் விமானங்கள் தொடங்கியதும் தூதரகத்தில் எப்படிப் பதிவது, கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை எப்படிக் கேட்பது, வேலை போனவனுக்கு அறை வாடகை யார் கொடுப்பது என்று ராப்பகலாக ஓடியது. அந்த மாதங்களில் தூங்காமல் வேலை பார்த்த நாலைந்து பேருக்கு ஊர் இன்னும் கடன்பட்டிருக்கிறது.

அதற்கப்புறம்தான் சரிவு. பலர் நினைப்பதுபோல சண்டையால் குழு சாகவில்லை. சண்டை நடந்துகொண்டிருந்தவரை உயிர் இருந்தது, கோபித்துக்கொண்டு வெளியே போனவர் அடுத்த வெள்ளிக்குள் திரும்பி வந்துவிடுவார். சாகடித்தது அறிவிப்புகள். திண்ணையாக இருந்த இடம் பள்ளிவாசல் நோட்டீஸ் போர்டாக மாறியது. கடை திறப்பு, பள்ளி சேர்க்கை, ரத்ததான முகாம், தலைவருக்கு வாழ்த்து, எங்கிருந்தோ வந்த ஃபார்வர்டு, காலையில் ரோஜாப்பூ. 2018இலேயே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்திவிட்டது, அதனால் எங்க ஆட்கள் ஐந்து ஐந்தாக அனுப்பினார்கள். இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2022 ஜனவரியிலிருந்து அமீரகத்தில் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியது. அதுவரை வியாழன் இரவுதான் எங்கள் பேச்சு நேரம், மறுநாள் லீவு என்ற தெம்பில் நடுச்சாமம் வரை ஓடும். அது போயிற்று. சவூதிக்காரருக்கு வெள்ளி, சனி லீவு, துபாய்க்காரருக்கு சனி, ஞாயிறு, ஊரில் இருப்பவருக்கு ஞாயிறு. எல்லோரும் ஒன்றாக விழித்திருக்கும் ஒரு ராத்திரி இல்லாமல் போனது.

ரொம்ப வலித்தது மௌத் அறிவிப்புகள், அதாவது மரணச் செய்திகள்தான். இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு மௌத் செய்தி வந்தால் கீழே நூறு பேர் ஒரே பிரார்த்தனை வாசகத்தை நகலெடுத்துப் போடுவார்கள். துஆ செய்வதைத் தப்பென்று எவன் சொல்லுவான்? ஆனால் இறந்தவர் யார், எந்தத் தெரு, என்ன தொழில் பார்த்தார், யாருக்கு என்ன உதவி செய்தார் என்று ஒரு வரி இருக்காது. பாதிப் பேருக்கு யார் என்றே தெரியாமல் துஆ போய்க்கொண்டிருக்கும். அப்படி ஒரு நாள், உம்மாவை மதுரையில் எந்த ஆஸ்பத்திரியில் காட்டுவது, ராத்திரியே கிளம்ப வேண்டும், யாராவது சொல்லுங்கள் என்று ஜித்தாவிலிருந்து ஒரு பையன் எழுதினான். அவன் கேள்வி அந்த வாசகங்களுக்கும் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவில் புதைந்துவிட்டது. மறுநாள் அவனே அதை அழித்துவிட்டு வெளியே போய்விட்டான். அவன் போனதைக்கூட ரொம்பப் பேர் கவனிக்கவில்லை.

சரி, புதுப்பித்த கூத்துக்கு வருகிறேன். படித்த, நல்ல எண்ணம் உள்ள இளைஞர்கள் சிலர் பொறுப்பெடுத்தார்கள். 2022 நவம்பரில் வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்ற வசதி வந்தது, அதில் ஒரு குடையின் கீழ் பல குழுக்களை வைக்கலாம். வேலைவாய்ப்புக்கு ஒன்று, கல்யாண வரனுக்கு ஒன்று, மௌத்துக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று என்று பிரித்தார்கள். பெரிய குழுவில் அட்மின் மட்டும்தான் எழுதலாம். லோகோ வந்தது. இரண்டு பக்கத்துக்கு விதிமுறை பிடிஎஃப் வந்தது. எல்லாம் சுத்தமாக, ஒழுங்காக இருந்தது, ஒரு ஈ காக்கா இல்லை. வேலைவாய்ப்புக் குழுவில் யாரோ ஒரு கம்பெனி விளம்பரத்தைப் போடுவார், அதோடு சரி. வியாபாரக் குழுவில் எல்லோரும் விற்கிறவர்கள், வாங்குகிறவர் ஒருவரும் இல்லை. மண்ணடியில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எனக்குத் தனியாக வாய்ஸ் அனுப்பினார்: "என்ன தம்பி, ஆபீஸ் மாதிரி ஆக்கிட்டாங்க, எந்த ரூமுக்குப் போய் என்ன பேசறதுன்னு தெரியல, நான் சும்மா இருந்துக்கறேன்."

இளைஞர்களைக் குறை சொல்ல மாட்டேன், இந்தத் தப்பை உலகத்திலேயே பெரிய ஆட்கள் செய்திருக்கிறார்கள். டிக் என்று ஒரு அமெரிக்கத் தளம் இருந்தது. நல்ல செய்திகளைப் பயனர்களே தேடிப் போடுவார்கள், மற்றவர்கள் ஓட்டுப் போட்டு மேலே ஏற்றுவார்கள். 2010 ஆகஸ்டில் அதன் நாலாவது பதிப்பை வெளியிட்டார்கள். பிடிக்காததைக் கீழே தள்ளும் பொத்தானை எடுத்துவிட்டார்கள், செய்தி நிறுவனங்கள் தங்கள் செய்தியைத் தானாகவே கொட்டும்படி வழி செய்தார்கள். பயனர்கள் கொதித்துப் போய், முதல் பக்கம் முழுக்கப் போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகளாகவே ஓட்டுப் போட்டு நிரப்பினார்கள், பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டார்கள். அதற்கு முன்னால் கூகுளே பெரிய தொகைக்கு வாங்கப் பேசியதாகச் செய்தி வந்த தளம், 2012இல் அடிமாட்டு விலைக்குப் போனது. தேடிப் போடுவதுதான் அந்தப் பயனர்களுக்கு இருந்த வேலை. அந்த வேலையைப் பிடுங்கி எந்திரத்திடம் கொடுத்துவிட்டு, இடத்துக்கு மட்டும் வெள்ளையடித்தால் யார் இருப்பார்கள்? எங்கள் குழுவிலும் அட்மின் மட்டும் எழுதலாம் என்றபோது நடந்தது இதேதான், அளவுதான் சின்னது.

இதற்காகப் பழையபடியே விட்டிருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. பழைய குழுவில் ஒழிய வேண்டியதும் இருந்தது. ஆர்குட் காலத்தில் அது முழுக்க ஆம்பளைக் கூட்டம். பெண் பெயரில் யாராவது வந்தால் ஒன்று கேலி, இல்லையென்றால் உபதேசம், இரண்டு நாளில் ஓடிவிடுவார்கள். எங்க ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார், வீடு பெண் பேரில் இருக்கும், ஆண்கள் கடல் தாண்டிப் போய்விட்டால் ஊரையே நடத்துகிறவர்கள் பெண்கள். அவர்கள் இல்லாமல் ஒரு ஊர்க் குழு! பார்சலைக் கட்டுகிறவரும் அவர்தான், பிரித்து வாங்குகிறவரும் அவர்தான், நடுவில் பெட்டியைத் தூக்குகிறவன் மட்டும் குழுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். அப்புறம் "யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்ற கேள்வி. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் பாசமாகத்தான் கேட்பார்கள். ஆனால் வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகளுக்கும், தலைமுறையாக ஊரில் இருக்கிற மற்ற சமூகத்துப் பையனுக்கும் அந்தக் கேள்வி வாசலிலேயே நிறுத்தி வைக்கிற மாதிரி இருக்கும். இதையெல்லாம் ஆன்மா என்று பொத்திப் பொத்தி வைக்க வேண்டியதில்லை.

குழு எழுந்த கதை ஒரு லாத்தாவிடமிருந்து (எங்க ஊரில் அக்கா) தொடங்குகிறது, அவர் அட்மின்கூட இல்லை. ஊரில்தான் இருக்கிறார், டைப் செய்ய மாட்டார், எல்லாம் வாய்ஸ்தான். எல்லோரும் எழுதலாம் என்று பெரிய குழுவைத் திரும்பத் திறந்த வாரம் அவர் ஒரு வாய்ஸ் போட்டார்: மகன் ஷார்ஜாவில் இருக்கிறான், மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது, இங்கே செய்து வைத்திருக்கிறேன், யாராவது போகிறீர்களா? அன்றைக்கே ஒரு பையன் பதில் போட்டான். அதோடு விடாமல் அந்த லாத்தா அடுத்த வாரமும் கேட்டார், இந்தத் தடவை தனக்காக இல்லை: "இந்த வாரம் யாரெல்லாம் வர்றீங்க, யாரெல்லாம் போறீங்க, சொல்லுங்க, நான் எழுதி வச்சுக்கறேன்." நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதைப் படம் பிடித்துப் போட்டார். மதுரை விமானம், திருச்சி விமானம், சென்னையிலிருந்து ரயிலில் ராமநாதபுரம் வருகிறவர், எல்லாம் அவர் கையெழுத்தில். ஷார்ஜாவில் இருக்கிற அவர் மகன் அந்தப் பக்கத்துக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறான். இப்போது ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தப் பட்டியல் வருகிறது. இதை எக்ஸெல்லில் போடலாம், ஃபாரம் வைக்கலாம் என்று ஒருத்தர் சொல்ல, நல்லவேளை யாரும் காதில் வாங்கவில்லை. அந்த லாத்தா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்கிறார், அதனால்தான் ஆட்கள் பதில் சொல்கிறார்கள். ஃபாரத்துக்கு யார் பயப்படுவார்கள்?

கசகசா வரி தானாகத் திரும்பி வந்தது. இந்தத் தடவை சொன்னது ஒரு இருபது வயதுப் பையன்.

மற்றவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். 2023 கடைசியில் குழுவுக்குள் ஒரு செய்தியை மேலேயே குத்தி வைக்கும் (பின் செய்யும்) வசதி வந்தது. பெரும்பாலான குழுக்களில் அதில் விதிமுறையோ விளம்பரமோ இருக்கும். எங்களுக்குள் ஒரு முடிவு எடுத்தோம், பதில் வராத கேள்விதான் அங்கே இருக்கும், பதில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஜித்தா பையனுக்கு நடந்தது இன்னொருவனுக்கு நடக்கக் கூடாது என்பதுதான் காரணம், வெளிப்படையாகவே அப்படிச் சொல்லித்தான் முடிவெடுத்தோம். மேலே ஒரு கேள்வி தொங்கிக்கொண்டே இருந்தால் யாருக்காவது உறுத்தும், தெரிந்தவனைப் பிடித்து இழுத்து வந்து பதில் சொல்ல வைத்துவிடுவார்கள். மதுரையில் சிறுநீரக டாக்டர், விசா ரத்தானால் எத்தனை நாள் தங்கலாம், ராமநாதபுரத்தில் பழைய பத்திரத்துக்கு வில்லங்கம் எப்படிப் போடுவது என்று எல்லாம் வருகிறது.

இன்னொன்று மௌத். துஆ வாசகம் போடாதீர்கள் என்று சொல்லவே முடியாது, சொல்லவும் கூடாது. ஒரு இளைஞர் ரியாக்‌ஷன் மட்டும் போட்டால் போதுமே என்றார், பெரியவர்கள் கொதித்துவிட்டார்கள், மௌத்துக்குக் கட்டைவிரலா என்று. நியாயம்தான். கடைசியில் அறிவிப்பவர் மேல் ஒரு பொறுப்பை வைத்தோம்: இறந்தவர் யார் என்று மூன்று வரியாவது எழுத வேண்டும், எழுத வராவிட்டால் வாய்ஸில் சொல்ல வேண்டும். முதலில் எல்லோருக்கும் கூச்சம். அப்புறம் சங்கு வியாபாரம் பார்த்த ஒரு பெரியவர் இறந்தபோது அவர் பேரன் நாலு வரி எழுதினான், எந்தச் சங்கு கொல்கத்தாவுக்கு வளையல் அறுக்கப் போகும், எதை ஒதுக்குவார்கள் என்று அவர் தட்டிப் பார்த்தே சொல்லுவாராம். அன்றைக்குத் துஆ வாசகங்களுக்கு நடுவே அவரைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். கடன் கொடுத்த கதை, திட்டிய கதை, கச்சான் காற்றில் கடலில் மாட்டிய ஆட்களுக்காகக் கரையில் விளக்கோடு நின்ற கதை. ஆர்குட்டில் அப்பா தீவுத் தலைப்பு ஓடியதற்குப் பிறகு அப்படி ஒரு ராத்திரியை நான் குழுவில் பார்க்கவில்லை. அதை ஒருத்தர் தொகுத்து வைத்தார். இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு விதிமுறை பிடிஎஃப் போவதில்லை, இந்த மாதிரிக் கதைகளில் ஒன்றிரண்டு போகிறது.

புதியவர்களை எப்படி வரவேற்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007க்குப் பிறகு தொடர்ந்து எழுதுகிறவர்கள் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. ஆராய்ந்தவர்கள் சொன்ன முக்கியமான காரணம், தரத்தைக் காப்பதற்காக வந்த விதிகளும் தானியங்கிக் கருவிகளும் புதியவர்களின் முதல் திருத்தத்தையே தூக்கி எறிந்ததுதான். நல்ல எண்ணத்தில் வந்தவர்களும் அதில் அடிபட்டுத் திரும்பிப் போனார்கள். அதைப் படித்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவருடைய முதல் செய்திக்கு மனிதர் யாராவது பதில் போட வேண்டும், தப்பாக எழுதியிருந்தாலும். "யார் வீட்டுப் பிள்ளை" போய், இப்போது "ஊர்ல எந்தப் பக்கம், என்ன தெரியும் உங்களுக்கு?" என்று கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொன்னதும் அடுத்த வாரமே அதற்கு ஒரு வேலை வந்துவிடும். சவூதியில் லாரி ஓட்டுகிற ஒருவர் அப்படித்தான் லைசன்ஸ் விஷயத்துக்கு எங்கள் வக்கீல் ஆகிவிட்டார்.

ரோஜாப்பூ இன்னும் வருகிறது. மலேசியாவில் ஒரு சாச்சா (சித்தப்பா) இருக்கிறார், நமக்கு அவர்கள் இரண்டரை மணி நேரம் முன்னால், நாம் தூங்கும்போதே சலாமும் பூவும் வந்து விழும். அட்மின்களுக்கு அதை அழிக்க வழி இருக்கிறது, அழிப்பதில்லை. ஒரு நாள் பூ வரவில்லை என்று நாலு பேர் போன் செய்து பார்த்தார்கள், காய்ச்சல். விளம்பரங்களை மட்டும் ஈவிரக்கமில்லாமல் அழிக்கிறார்கள், ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருடையதையும் அழித்ததால் கொஞ்சம் மனஸ்தாபம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடட்டும்.

இப்போதைய தலைவலி வேறு. துபாயிலும் கோலாலம்பூரிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சேருகிறார்கள், தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறார்கள், அதைப் படிக்கப் பெரியவர்களுக்குப் பொறுமை இல்லை. அவர்களுக்கென்று தனிக் குழு வைக்கலாம் என்று மறுபடியும் ஒரு குரல் கிளம்பியிருக்கிறது, நான் எதிர்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு அந்த லாத்தா புதன்கிழமைப் பட்டியலை நோட்டுப் படத்தோடு சேர்த்து வாய்ஸிலும் படித்துப் போடுகிறார், பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு வாய்ஸிலேயே பதில் சொல்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் பிள்ளை, பள்ளி லீவுக்கு ஊருக்கு வருகிறாளாம், பெட்டியில் ஏழு கிலோ மிச்சம் இருக்கிறது என்றாள், அரை மணி நேரத்தில் அது தீர்ந்துவிட்டது.